காசிமேட்டில் கேமராவுக்கு வேர்த்தது

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5.15. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் சூடுபிடிக்கிற நேரம். பையிலிருந்து கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தால் வெறும் வெள்ளை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்த மோர்ச் சொம்பு மாதிரி லென்ஸ் வேர்த்திருந்தது. சட்டை நுனியால் துடைத்தேன் (செய்யக் கூடாதுதான்). அடுத்த நொடியே மறுபடி படிந்தது. தெளிய 25 நிமிடம் ஆனது. அதற்குள் நான் குறிவைத்திருந்த வஞ்சிரக் கூடைகள் வண்டி ஏறிவிட்டன.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ராத்திரி முழுக்கக் கேமரா இருந்தது 23 டிகிரி ஏசி அறையில். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம். அந்தக் காற்று 25 டிகிரிவாக்கில் குளிர்ந்தாலே தண்ணீர் விட ஆரம்பித்துவிடும். 23-ல் கிடந்த கண்ணாடியில் பட்டால் கேட்கவா வேண்டும்? குளிர்நாட்டுக்காரர்கள் ‘வீட்டுக்குள் வரும்போது ஜாக்கிரதை’ என்பார்கள். சென்னையில் வாசல் தாண்டும்போதுதான் வினை.

அடுத்த ஞாயிறு ஜிப்லாக் பை. ஏசி அறைக்குள்ளேயே கேமராவைப் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடினேன். வெளியே வந்து மூடினால் ஈரக்காற்றையும் சேர்த்துக் கட்டிய மாதிரி ஆகிவிடும். துறைமுகத்தில் தண்ணீர் பையின் வெளிப்பக்கம்தான் நின்றது. உள்ளே கேமரா காய்ந்திருந்தது. அவசரப்பட்டு 20 நிமிடத்தில் திறந்தேன். கேமரா பாடி தப்பித்தது, தூரத்தை இழுக்கும் 70-300 லென்ஸ் லேசாக மங்கியது. கனமான கண்ணாடி சூடேற நேரம் கேட்கிறது. அதற்கடுத்த வாரம் 45 நிமிடம் விட்டுத் திறந்தேன், சுத்தம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எனக்குப் பொறுமை இல்லை.

சரி, கேமராவை ஏசியிலேயே வைக்காவிட்டால்? ஹாலுக்கு மாற்றினேன். ஆனால் ஹாலில் ஈரப்பதம் 78. அப்படியே விட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை வந்துவிடும். அதனால் ரப்பர் வாஷர் வைத்த காற்றுப்புகாத டப்பா, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் 200 கிராம், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர்.

மீட்டரை நம்புவதற்கு முன் சோதித்தேன். பாட்டில் மூடியில் தூள் உப்பு, சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர். அதையும் மீட்டரையும் ஒரே ஜிப்லாக்கில் மூடி ராத்திரி முழுக்க விட்டேன். உள்ளே 75 சதவீதம் இருக்க வேண்டும். என் மீட்டர் 70 காட்டியது. அன்றிலிருந்து அது சொல்வதோடு 5 கூட்டிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை டப்பாவுக்குள் கூட்டிப் பார்த்தால் 44. 40-50க்குள் நின்றால் போதும். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொன்னார் ஒரு நண்பர். அரிசித் தவிடு லென்ஸ் வளையத்துக்குள் புகுந்தால் யார் எடுப்பது?

மூன்று வாரத்தில் ஈரம் குடித்து மணிகள் கரும்பச்சை ஆகிவிட்டன. சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறுதீயில் கிளறிக் கிளறிச் சூடு காட்டினேன். மறுபடி ஆரஞ்சு வந்தது. “என்னடா, பட்டாணியா வறுக்கற?” என்றார் அம்மா.

ஹால் டப்பாவுக்கு மாறிய பிறகு காசிமேட்டில் ஒரு தடவைகூட மங்கவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துப் பள்ளிக்கரணைக்குப் பறவை பார்க்கக் கிளம்பினேன். நண்பரின் காரில் முன் சீட்டில் மடியில் கேமரா, நேர் எதிரே ஏசி காற்று. இறங்கியதும் பழைய மோர்ச் சொம்பு. பூநாரைகள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அடுத்த தடவை கேமரா டிக்கியில் வந்தது. விடிகாலைப் பயணத்துக்கு மட்டும்தான் அந்த ஏற்பாடு. பகல் வெயிலில் டிக்கி அடுப்பு.