ஆயிரம் ரூபாய்ப் பங்கும் ஒரே ஒரு ஓட்டும்

உழவர்களே பங்கு போட்டு, தாங்களே நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கப் போகிறோம் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனபோது, எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றாகவே இருந்தது: "என்ன மானியம் வரும்?" அடுத்தது, "பங்குக்குக் கட்டும் ஆயிரம் ரூபாயை எப்போது திருப்பித் தருவீர்கள்?" மூன்றாவது கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது: நீங்களும் ஏமாற்றிவிட்டுப் போவீர்களா? ஈமு கோழிக்காரர்கள், தேக்கு மரக்காரர்கள், நகைச்சீட்டுக்காரர்கள் எல்லோரும் எங்களைப் போலவே ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்கள்தாம்.

எங்கள் பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட சில ஊராட்சிகள். கிணறு உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்தில் மணிலா (வேர்க்கடலை) போடுவார்கள். பங்குனி, சித்திரையில் காய் பறித்து, காயவைத்து, மண்டிக்கு ஏற்றுவார்கள். விலையைச் சொல்வது மண்டிக்காரர், எடை போடுவதும் அவர், கழிவு பிடிப்பதும் அவர். நான் மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். அந்தப் பழக்கத்தில்தான் இந்த வேலைக்குள் இழுக்கப்பட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலில் நாங்களே படித்தோம். பொருளாதார அறிஞர் ஒய்.கே. அலக் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி, 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கம்பெனிச் சட்டத்துக்குள் 'உற்பத்தியாளர் நிறுவனம்' என்ற வகை நுழைந்தது. இப்போது அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனி அத்தியாயமாக இருக்கிறது. பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். இயக்குநர்கள் ஐந்துக்குக் குறையாமல், பதினைந்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். உற்பத்தியாளர் அல்லாதவர் பங்கு வாங்க முடியாது, பங்கைச் சந்தையில் விற்கவும் முடியாது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டுதான். இந்தக் கடைசி விதியைப் படித்த பிறகுதான் எனக்கு இதில் பிடிப்பு வந்தது.

பங்குப் பணத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசிவிடுவது என்று முடிவு செய்தோம். பங்கு ஒன்று 100 ரூபாய், ஆளுக்குப் பத்துப் பங்கு. "இது வைப்புத்தொகை அல்ல. வட்டி கிடையாது. கேட்டவுடன் திரும்ப வராது. விலக நினைத்தால் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்புக்கே மாற்றிக்கொடுக்கலாம். நிறுவனம் நொடித்தால் இந்த ஆயிரம் போய்விடும், அதற்கு மேல் உங்கள் நிலத்தையோ வீட்டையோ யாரும் தொட முடியாது." இதைச் சொன்னதும் சிலர் எழுந்து போனார்கள். போகட்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மானியத்தைக் காட்டிச் சேர்த்த உறுப்பினர் மானியம் நிற்கும் நாளில் நின்றுவிடுவார். ஆதார் நகலை மட்டும் வாங்கி, பங்குப் பணத்தை வேறு யாரோ கட்டி, எண்ணிக்கைக்காகப் பதிவான நிறுவனங்களும் உண்டு. அவற்றின் உறுப்பினர்களுக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பதே தெரியாது.

பெண்களிடம் பேசுவது சுலபமாக இருந்தது. குழுவில் மாதாமாதம் சேமித்து, தீர்மானம் எழுதி, உள்கடன் கொடுத்து வாங்கிப் பழகியவர்களுக்குப் 'பொதுப் பணம், நம் பணம்' என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்கு விளக்க ஓர் உதாரணம் தேவைப்பட்டது. எங்கள் ஊர்க்காரர்கள் புதுச்சேரிக்கு மருத்துவமனை, கல்லூரி என்று அடிக்கடி போவார்கள். நேரு வீதியில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸைப் பலருக்குத் தெரியும். "அதற்கு முதலாளி யார்?" என்று கேட்பேன். யாருக்கும் தெரியாது. 1950களில் காபி வாரியம் தன் காபிக் கடைகளை மூடியபோது வேலை இழந்த தொழிலாளர்கள் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலனின் துணையோடு கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, தாங்களே நடத்த ஆரம்பித்தார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு காபி கொண்டுவருகிறாரே, அவரைப் போன்ற தொழிலாளர்களின் சங்கம்தான் அதன் உரிமையாளர். ஒருவர் கேட்டார்: "அப்படியானால் அவரை யார் வேலை வாங்குவார்கள்?" நல்ல கேள்வி. அன்றைய கூட்டம் முழுக்க அதைப் பற்றியே பேசினோம்.

கூட்டத்தை எங்கே வைப்பது என்பதே ஓர் அரசியல். கோயில் மண்டபத்தில் வைத்தால் காலனியிலிருந்து வருபவர்கள் படிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெரிய வீட்டுத் திண்ணையில் வைத்தால் அந்த வீட்டுக்காரர் சொல்வதே தீர்மானமாகிவிடும். பள்ளிக்கூட வராந்தாவிலும் நூலகத்திலும் வைத்தோம். சிலர் அதனாலேயே வரவில்லை.

யார் உழவர் என்பதில் அடுத்த இழுபறி. சிட்டா கொண்டுவாருங்கள் என்று சொன்னால் பெண்களில் பெரும்பாலோர் வெளியே போய்விடுவார்கள். பட்டா மாமனார் பெயரில் இருக்கும், மாமனார் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும். குத்தகைக்கும், விளைச்சலில் பங்கு தரும் வாரத்துக்கும் பயிர் செய்பவர்களிடம் காகிதம் எதுவுமே இருக்காது. சட்டமோ நிலம் வைத்திருப்பவர் என்று கேட்கவில்லை, விளைவிப்பவர் என்றுதான் கேட்கிறது. இந்த வரியைப் பிடித்துக்கொண்டு, இன்னார் இன்ன ஊரில் இன்ன பயிர் செய்கிறார் என்று சான்று வாங்கினோம். சில அலுவலர்கள் உடனே கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர், "நிலமே இல்லாதவருக்கு நான் எப்படிக் கொடுப்பது?" என்று திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார். கடைசியில் அறுவடை நாளில் வயலுக்கே அழைத்துப் போனோம்.

பதிவுக்கான காகித வேலையில் எங்களை அதிகம் வாட்டியது இனிஷியல்தான். ஆதாரில் 'கே. முருகன்' என்று இருக்கும். பான் அட்டையில் தந்தை பெயரை விரித்து 'கண்ணன் முருகன்' என்றோ 'முருகன் கண்ணன்' என்றோ இருக்கும். வங்கிப் புத்தகத்தில் மூன்றாவது விதமாக இருக்கும். இயக்குநர் எண் வாங்கவும் டிஜிட்டல் கையொப்பம் வாங்கவும் எல்லாம் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் மகனிடம் இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான், ஓ.டி.பி. அங்கே போகும். டிஜிட்டல் கையொப்பத்துக்கு வீடியோ பதிவு வேறு: கேமராவைப் பார்த்துத் தன் பெயரையும் விண்ணப்பித்ததையும் சொல்ல வேண்டும். எங்கள் மூத்த இயக்குநர் ஒருவர் ஒவ்வொரு முறையும் பெயரைச் சொன்ன கையோடு தன் பாகப்பிரிவினை வழக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். இயக்குநராகப் போகிறவர்களின் ஆவணங்களை ஆரம்பத்திலேயே ஒரே மேசையில் பரப்பி ஒப்பிட்டுவிடுங்கள். தணிக்கையாளர் அலுவலகத்துக்கு அலைவது பாதியாகக் குறையும்.

நிறுவனப் பெயர், பதிவு அலுவலகத்துக்கு மின்கட்டண ரசீது, வீட்டு உரிமையாளரின் ஆட்சேபணையின்மைக் கடிதம் ஆகியவை பெரிய தொல்லை தரவில்லை. முதலில் கேட்ட பெயர் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் போல இருக்கிறது என்று நிராகரிக்கப்பட்டது. ஊர்ப் பெயரைச் சேர்த்ததும் கிடைத்தது.

நிறுவன விதிமுறைகள் ஆங்கிலத்தில் இருந்தன. தணிக்கையாளர் ஒட்டும் அடையாளத் தாளைப் பார்த்து அங்கங்கே கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டு, பங்கு மாற்றம், லாபப் பகிர்வு, இயக்குநர் தேர்தல், வாரிசு நியமனம் ஆகிய விதிகளை மட்டும் தமிழில் எழுதி, நகலெடுத்து, வாசித்துக் காட்டினோம். வாரிசு நியமனத்தில் ஒரு சிறு புரட்சி நடந்தது. உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது விதி. மகன் பெயரைத் தவிர வேறு எதையும் எழுதிப் பழகாத ஊரில், சில அம்மாக்கள் மகள் பெயரை எழுதினார்கள். ஆயிரம் ரூபாய்தானே என்று வீட்டு ஆண்களும் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற விதி காகிதத்தில் இருக்கும்வரை யாரையும் உறுத்தவில்லை. இருபது ஏக்கருக்கு மேல் வைத்திருக்கும் ஒருவர், "நான் ஒரு லட்சம் போடுகிறேன், எனக்கும் அரை ஏக்கர் குத்தகைக்காரனுக்கும் ஒரே ஓட்டா?" என்று கேட்டபோதுதான் அதன் எடை தெரிந்தது. அவரை இழந்தால் சரக்கின் அளவு குறையும், மற்ற பெரிய விவசாயிகளும் தயங்குவார்கள். லாபம் எப்படிப் பிரியும் என்பதை அவருக்கு எழுதிக் காட்டினோம். பங்குக்குக் கொடுக்கும் ஈவுத்தொகைக்கு வரம்பு உண்டு. பொது இருப்புக்கு ஒதுக்கியது போக மிஞ்சுவதை, யார் எவ்வளவு சரக்கு நிறுவனத்துக்குக் கொடுத்தார்களோ அந்த விகிதத்தில் போனஸாகப் பிரிக்கலாம். அதிக மூட்டை கொடுத்தால் அதிகப் பணம் வரும், அதிகாரம் மட்டும் வராது. அவர் கணக்குப் பார்த்தார், சேர்ந்தார். இன்றுவரை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார், சரக்கும் கொடுக்கிறார்.

பதிவான நாளிலிருந்து 90 நாளுக்குள் முதல் பொதுப் பேரவை கூட்ட வேண்டும். கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கையான குறைவெண், மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு. அப்போது சுமார் இருநூறு பேர் சேர்ந்திருந்தார்கள், ஐம்பது பேராவது உட்கார வேண்டும். மணிலா பறிக்கும் காலம், கூலிக்கு ஆள் கிடைக்காத காலம். காலையில் அறிவித்திருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். மாலையில் வைத்தோம். பால் கறந்துவிட்டு வந்தவர்களால்தான் எண்ணிக்கை தேறியது.

முதல் வியாபாரம் மணிலா அல்ல, மணிலா வயலுக்குப் போடும் ஜிப்சம். விதைத்த 40, 45ஆம் நாளில் மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ போட வேண்டும் என்பது பரிந்துரை. கடையில் சில்லறையாக வாங்கினால் விலை அதிகம், சமயத்தில் கிடைப்பதும் இல்லை. உறுப்பினர்களிடம் முன்கூட்டியே தேவையைக் குறித்துக்கொண்டு லாரிக் கணக்கில் இறக்கினோம். லாபம் சொற்பம். ஆனால் பங்குப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்கள், அதுவரை நாங்கள் பேசிப் பேசிச் சேர்த்தவர்களைவிட அதிகம்.

மணிலா கொள்முதல் வேறு கதை. எங்கள் மின்னணுத் தராசை எல்லோருக்கும் பிடித்தது, ஆனால் சரக்கு வரவில்லை. காரணம் கடன். மண்டிக்காரர் விதைக்கு முன்பணம் கொடுத்திருப்பார். நள்ளிரவில் பிரசவ வலி என்று போனாலும் பத்தாயிரம் எடுத்துக் கொடுப்பார். பதிலுக்குச் சரக்கு அவரிடம்தான் போக வேண்டும். அவரை வில்லனாக்கிப் பேசும் கூட்டங்களை நான் கேட்டிருக்கிறேன். நள்ளிரவுப் பத்தாயிரத்துக்கு அந்தக் கூட்டங்களில் பதில் இருந்ததில்லை. எங்களிடமும் முழுப் பதில் இல்லை. கூட்டமைப்பின் உள்கடனால் சிலருடைய முன்பணத்தை அடைத்தோம். மற்றவர்களிடம் பாதிச் சரக்கு மண்டிக்கு, பாதி நமக்கு என்று கேட்டோம்.

2020இல் தொடங்கிய பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர்கள் இருந்தால், நாம் போட்ட பங்குத்தொகைக்கு ஈடாக அரசும் தரும். உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம். இந்தப் பணம் மானியமாக வந்தாலும் உறுப்பினர் பெயரில் பங்காக ஏற வேண்டும். முந்நூறைத் தாண்டியதும் விண்ணப்பித்தோம், கிடைத்தது. பங்குச் சான்றிதழை வீடு வீடாகக் கொடுத்தபோது, "ஆயிரம் போட்டேன், இரண்டாயிரம் என்று எழுதியிருக்கிறதே" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. அவர்களுக்குப் பொறுமையாக விளக்கினோம். அப்படிச் சந்தேகப்படுகிறவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பேரவையில் வாடகைச் செலவு ஏன் கூடியது, மணிலா உடைப்பு இயந்திரம் ஏன் பாதி நாள் சும்மா நிற்கிறது, தலைமைச் செயல் அலுவலரின் சம்பளம் யார் நிர்ணயித்தது என்று கேள்விகள் வந்தன. இயக்குநர்கள் சிலருக்கு முகம் சுருங்கியது. மானியம் பற்றி அன்று ஒரே ஒருவர்தான் கேட்டார்.

இதே வழியில் இறங்கப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறைச் செய்தி. பதிவு ஒரு முறைச் செலவு, தாக்கல் ஆண்டுதோறும் வரும் செலவு. நிதிநிலை அறிக்கையையும் ஆண்டு அறிக்கையையும் காலம் தவறித் தாக்கல் செய்தால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம் ஏறும். வியாபாரமே செய்யாத நிறுவனத்துக்கும் இதுதான். எங்கள் வட்டாரத்திலேயே பங்குப் பணம் முழுவதையும் இந்த அபராதத்துக்குக் கட்டிய நிறுவனம் ஒன்று இருக்கிறது. தணிக்கையாளர் கட்டணத்தை முதல் ஆண்டு வரவுசெலவிலேயே எழுதிவிடுங்கள்.

இப்போது கிடங்குக்குக் கடன் கேட்டிருக்கிறோம். உழவர் நிறுவனங்களுக்கு 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு அரசின் உத்தரவாத நிதி இருந்தும், வங்கியில் இயக்குநர்களின் சொந்தச் சொத்தைப் பிணையாகக் கேட்கிறார்கள். நிலமில்லாத இயக்குநர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களை மாற்றிவிட்டு வாருங்கள் என்று மறைமுகமாகச் சொன்னார்கள். மாற்றுவதாக இல்லை என்று தீர்மானம் எழுதி, நகலைக் கடன் விண்ணப்பத்தோடு இணைத்துக் கொடுத்திருக்கிறோம்.