புட்டிக்குள் கப்பல் கட்டிய ஊர்

டென்மார்க்கின் தெற்கே, ஏரோ தீவிலுள்ள ஏரோஸ்கோபிங் என்ற சிற்றூரில், 17, 18ஆம் நூற்றாண்டு வீடுகளில் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். டென்மார்க்–ஜெர்மனி எல்லைப் பகுதியிலிருந்த ஷ்லெஸ்விக் சிற்றரசைச் சேர்ந்திருந்த இத்தீவு, பிரஷ்யா, ஆஸ்திரியாவுடன் டென்மார்க் நடத்திய 1864 போருக்குப் பின் எல்லைகள் திருத்தப்பட்டபோதுதான் டென்மார்க் அரசோடு முழுமையாக இணைந்தது. கல் பாவிய தெருக்களையும் கடற்கரையோர வண்ணக் குடில்களையும் எல்லோரும் படமெடுப்பார்கள். எனக்கென்னவோ அங்குள்ள புட்டிக் கப்பல் அருங்காட்சியகமே பெரிதாகப் படுகிறது. கப்பல் சமையற்காரராக இருந்த பீட்டர் யாக்கப்சன், வாழ்நாளில் சுமார் 1,700 கப்பல்களைக் கண்ணாடிப் புட்டிகளுக்குள் அமைத்தார். தம் கல்லறைச் சிலுவையையும் அத்தகைய சில புட்டிகளைப் பதித்துச் செய்துவைத்த விசித்திர மனிதர். பாய்மரங்களை மடக்கிப் புட்டியின் கழுத்து வழியே நுழைத்து, கப்பல் உள்ளே அமர்ந்ததும் நூலை இழுத்து அவற்றை நிமிர்த்துவதுதான் இக்கலையின் சூட்சுமம்.