பயறு, அசுவினி, எறும்பு: 40 நாள் பார்த்தது

தக்கலைப் பக்கம் எங்கள் விளையில் மார்கழிக் கடைசியில் எட்டுப் பயறு விதை ஊன்றினேன். மழை நிற்கட்டும் என்று காத்திருந்துதான் ஊன்றினேன், ஏனென்றால் நல்ல மழை அசுவினியை, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் அந்தக் குட்டிப் பூச்சியை, கழுவிக் கொண்டு போய்விடும், எனக்கோ இந்தத் தடவை அசுவினி வந்தே ஆகவேண்டும். யார் யாரைத் தின்கிறது, யாருக்கு யார் காவல் என்று படித்ததையெல்லாம் ஒரு பந்தலில் வைத்துப் பார்க்க ஆசை.

22ஆம் நாள் கொடி நுனியில் முதல் கூட்டம். மூன்றே நாளில் தண்டு தெரியாத அளவுக்குக் கறுப்பாக அப்பிக்கொண்டது. பெண் அசுவினி ஆண் துணை இல்லாமலே குட்டி போடும், அந்தக் குட்டியும் ஒரு வாரம் பத்து நாளில் தாயாகிவிடும், அதனால்தான் இந்த வேகம். கூடவே எறும்பு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: எறும்பு உணர்கொம்பால் அசுவினியின் முதுகைத் தட்டித் தட்டிக் கொடுக்கிறது, பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு துளி வருகிறது, உடனே வாய் வைத்து உறிஞ்சிவிட்டு அடுத்ததிடம் போகிறது. அசுவினி குடித்த சாற்றில் மிஞ்சிய சர்க்கரைதான் அந்தத் துளி.

“மக்ளே, கொஞ்சம் அடுப்புச் சாம்பல் தூவுனா போராதா?” என்று அம்மா கேட்டார். பத்து நாள் பொறுக்கச் சொன்னேன்.

எறும்பு ஏறாதபடி நான்கு கொடிகளுக்கு மட்டும் அடித்தண்டில் டேப் சுற்றி வாஸ்லின் தடவினேன். இரண்டு நாள் ஒன்றுமே மாறவில்லை, எறும்பு வந்துகொண்டே இருந்தது. பிறகுதான் கவனித்தேன், ஊன்றுகம்பில் தடவாமல் விட்டிருக்கிறேன், போதாததற்குப் பக்கத்துக் கொடியின் ஓர் இலை தொட்டுக்கொண்டு பாலமாக நிற்கிறது. இலையைக் கிள்ளி, கம்புக்கும் தடவியதும் எறும்பு நின்றது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். எறும்பு இல்லாத கொடியில் பொறிவண்டு வந்து இலையடியில் மஞ்சள் முட்டைகளை நெட்டுக்குத்தாக அடுக்கி வைத்தது. நான்காம் நாள் குட்டி முதலை போன்ற கறுத்த புழுக்கள், அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சின. எறும்பு இருந்த கொடியிலும் வண்டு இறங்கத்தான் செய்தது, ஆனால் இரண்டு எறும்பு காலைக் கடித்ததும் ஓட்டுக்குள் ஒடுங்கிக் கீழே விழுந்துவிட்டது. ஆக, வண்டு வராமல் இல்லை, வந்ததை விரட்ட ஆள் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1888இல் ஒரு வகைப் பொறிவண்டைக் கொண்டுபோய் விட்டுத்தான் கலிபோர்னியா ஆரஞ்சுத் தோட்டங்களை, அசுவினி போலவே சாறு உறிஞ்சும் செதில்பூச்சியிடமிருந்து மீட்டார்கள், அந்த மாதிரித் தோட்டங்களிலும் எறும்பைத் தடுக்காவிட்டால் வண்டின் வேலை கெட்டுப்போகும்.

40ஆம் நாள் கணக்கு: காவல் இருந்த நான்கில் மூன்றின் நுனி சுருண்டுவிட்டது, இலையில் கரும்பூசணம். காவல் இல்லாத நான்கும் காய்க்கின்றன. அவற்றில் சில அசுவினிகள் தவிட்டு நிறத்தில் உப்பி, முதுகில் வட்டத் துளையோடு வெறும் கூடாக ஒட்டியிருந்தன. குட்டிக் குளவி உள்ளே முட்டையிட்டு, அதன் புழு தின்று வளர்ந்து வெளியேறிய வாசல் அது.

சுருண்ட கொடி ஒன்றைப் பிடுங்கினேன். வேரில் மிளகு அளவு முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தரும் பாக்டீரியா அங்கே இன்னும் வேலையில் இருக்கிறது என்று அர்த்தம். மற்ற கொடிகளைப் பிடுங்கவில்லை, காய்த்து ஓய்ந்ததும் தண்டை மட்டும் அறுத்து வேரை மண்ணிலேயே விடப்போகிறேன்.