1.6 கி.மீ. ஓட்டம்: மூணாவது ரவுண்டில் கால் ஏன் நிக்குது?

ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் தம்பிகளே, 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு 60 மதிப்பெண். 400 மீட்டர் டிராக்கில் நாலு ரவுண்டு. ஒன்றுக்கு 82 விநாடி. ஆனால் பலர் கூட்டத்தோடு சேர்ந்து முதல் ரவுண்டை 70 விநாடியில் ஓடிவிடுகிறார்கள். ஆக்சிஜன் வரத்து ஈடுகொடுக்கும் முன்பே தசையில் அமிலத்தன்மை ஏறிவிடும். மூணாவது ரவுண்டில் தொடை கல்லாகிவிடும். தெம்பு குறைவில்லை அது, வேகக் கணக்குத் தப்பு.

வாரம் ஒருநாள் 400 மீட்டரை 80–82 விநாடியில் ஆறு தடவை ஓடுங்க, நடுவில் 2 நிமிடம் மெதுநடை. மற்ற நாளில் பேசிக்கிட்டே ஓடும் வேகம் போதும். தினமும் தார் ரோட்டில் முழு வேகம் போனால் முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்கம் வலி வரும். எலும்பில் ஒரே இடத்தில் விரல் வைத்ததும் சுருக்கென்று குத்தினால் விரிசலாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.