கூப்பனுக்கு முன்னால் ஃபிளையரைப் பார்

அமெரிக்கா போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லி அனுப்புவது, கடையில் கொடுத்தால் விலை குறையும் கூப்பன் சீட்டைப் பற்றித்தான். அடுத்த மாதம் ஒஹாயோவுக்குக் குடிபோகிற என் சித்தி மகளிடமும் யாரோ அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் அமெரிக்காவிலிருந்து விடுமுறையில் சேலம் வந்திருப்பது தெரிந்து, "அக்கா, கூப்பன் வெட்டினா மளிகைச் செலவு பாதியா குறையுமாமே?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம் சமையலுக்குக் கூப்பனால் மிச்சமாவது கொஞ்சம்தான், கடைகள் வாராவாரம் விடும் விலைப்பட்டியலான ஃபிளையரால் மிச்சமாவதுதான் அதிகம்.

காரணம் இதுதான். கூப்பன்களில் பெரும்பாலானவை பொருளைத் தயாரிக்கும் கம்பெனிகள் விடுபவை. அதனால் சீரியல், பற்பசை, சோப்புத்தூள், டயப்பர் என்று பெயர் போட்ட பாக்கெட்டுகளுக்குத்தான் அவை வரும். தக்காளிக்கும் வெங்காயத்துக்கும் துவரம்பருப்புக்கும் யார் கூப்பன் அடிக்கப் போகிறார்கள்? அவளுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, டயப்பர் கூப்பனை மட்டும் விடவே கூடாது. அதையும் கையில் கிடைத்தவுடன் செலவழிக்காமல், கடையே அந்த டயப்பருக்கு விலை குறைக்கும் வாரம் வரை வைத்திருந்து கொடுத்தால் இரண்டு பக்கமும் குறையும். காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஃபிளையர் வாரந்தோறும் மாறும். ஒஹாயோவில் பெரிய கடையான க்ரோகரில் புதன்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய் வரை ஒரு வாரக் கணக்கு. முதல் பக்கத்தில் இருப்பவைதான் முக்கியம். ஆட்களைக் கடைக்குள் வரவழைக்க, லாபமே இல்லாமலும் சில சமயம் நட்டத்துக்கும்கூட அவற்றை விற்பார்கள். உள்ளே வந்தவர்கள் மற்ற சாமான்களையும் அங்கேயே வாங்கிவிடுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. நம் கணக்கு, முதல் பக்கத்தைப் பார்த்த பிறகு அந்த வாரம் என்ன குழம்பு, என்ன பொரியல் என்று முடிவு செய்வது.

கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "இதுல என்ன கண்ணு புதுசு? உழவர் சந்தைல போர்டைப் பாக்காம நான் என்னைக்காவது காய் வாங்கியிருக்கேனா?" என்றார். உண்மைதான். அம்மாபேட்டை சந்தையில் காலையில் எழுதிப்போடும் விலையைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் சுரைக்காயா கத்தரிக்காயா என்பதே முடிவாகும். அமெரிக்காவில் அந்தப் போர்டு வாரத்துக்கு ஒருமுறை மாறுகிறது, அவ்வளவுதான்.

பண்டிகைகளையும் கவனிக்க வேண்டும், நமக்குச் சம்பந்தமில்லாத பண்டிகைகளை இன்னும் அதிகமாக. மார்ச் 17 செயின்ட் பேட்ரிக் தினம். ஐரிஷ் வழி அமெரிக்கர்கள் மாட்டிறைச்சியோடு முட்டைக்கோஸ் சமைக்கும் நாள் என்பதால் அதற்கு முந்தைய வாரம் கோஸ் விலை தரையைத் தொடும். நம் வீட்டில் கோஸ் பொரியல், கோஸ் கூட்டு, கோஸ் வடை என்று ஓடும். நவம்பர் நான்காம் வியாழன் தேங்க்ஸ்கிவிங். அதையொட்டிச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வெண்ணெய் எல்லாம் இறங்கும். உப்பில்லாத வெண்ணெயாகப் பார்த்து வாங்கி ஃப்ரீசரில் போட்டுவிட்டால் பல மாதத்துக்கு வீட்டிலேயே நெய் காய்ச்சிக்கொள்ளலாம். இந்த ஒன்றை நான் யாரைப் பார்த்தாலும் சொல்வேன். பாட்டில் நெய்யின் விலைக்கும் இதற்கும் அவ்வளவு வித்தியாசம்.

கடையில் தொங்கும் அட்டைகளையும் நிதானமாகப் படிக்க வேண்டும். "10 டாலருக்கு 10" என்றிருந்தால் பெரும்பாலான கடைகளில் ஒன்று வாங்கினாலும் ஒரு டாலர்தான், பத்தும் வாங்க வேண்டியதில்லை. "5 வாங்கினால் ஒவ்வொன்றிலும் 1 டாலர் குறைவு" என்பது அப்படியில்லை, நான்கோடு நிறுத்தினால் எதுவும் குறையாது. சில விலைகள் கடையின் ஆப்பில் டிஜிட்டல் கூப்பனைப் பில் போடும் முன்பே தொட்டுச் சேர்த்தால்தான் கிடைக்கும். கவுன்ட்டரில் பதிவு செய்த போன் நம்பரையும் கொடுக்க வேண்டும். ஸ்மார்ட்போன் பழக்கமில்லாத வயதானவர்களுக்கு அந்த விலை எளிதில் கிடைப்பதில்லை. இது எனக்குச் சரியாகப் படவில்லை. நம் பெற்றோர் வந்து தங்கும்போது அவர்கள் போனிலும் ஆப்பைப் போட்டுக் கற்றுக்கொடுத்துவிடுவது நல்லது.

அப்புறம், விலை அட்டையின் மூலையில் சின்ன எழுத்தில் ஒரு அவுன்ஸ் என்ன விலை என்று போட்டிருக்கும். 16 அவுன்ஸ் ஒரு பவுண்டு, நம் கணக்கில் 454 கிராம். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எடுத்துவிடாமல் அந்த எண்ணை ஒப்பிட வேண்டும். ஆஃபர் வாரத்தில் சின்னப் பாக்கெட்டே மலிவாக இருப்பதுண்டு.

அரிசி, பருப்பு, உளுந்து எல்லாம் இந்தியக் கடையில்தான். தீபாவளியையொட்டி அரிசி மூட்டைக்கு ஆஃபர் போடுவார்கள், 20 பவுண்டு மூட்டையாக அப்போது எடுத்து வைக்கலாம்.

"அப்போ இங்கிருந்து என்னக்கா எடுத்துட்டுப் போறது? லீ பஜார்ல அரிசியும் பருப்பும் வாங்கலாம்னு அப்பா சொல்றாரே" என்றாள். இந்தியாவிலிருந்து பெட்டியில் அரிசி கொண்டுபோக அமெரிக்கச் சுங்கம் விடுவதில்லை, தானிய வண்டு பயம். பருப்பு அங்கே எல்லா இந்தியக் கடையிலும் இருக்கிறது. ஏற்காட்டு மிளகும் வறுத்து அரைத்த காப்பித்தூளும் வாங்கிக்கொள், சுங்கத்தில் மறைக்காமல் சொல்லிவிடு என்றேன். சித்தப்பா இந்த ஞாயிறு ஏற்காடு போய் வாங்கி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.