‘ஒரு மாதிரி இருக்கு’: சர்ஜிக்கல் வார்டு நாட்குறிப்பு

2024 ஜூலை 2, செவ்வாய்

காலை ஏழரைக்கு வார்டுக்குள் நுழையும்போதே நைட் டியூட்டி பார்த்த பெண்ணின் முகம் வெளிறிக் கிடந்தது. வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாளில் இருந்த 14-வது பெட் பெரியவரை, விடியற்காலையில் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உள்ளே ரத்தக் கசிவு. பிழைத்துவிட்டார், ஐசியுவில் இருக்கிறார்.

அவள் இரண்டு மணிக்கே கவனித்திருக்கிறாள். டியூட்டி டாக்டருக்குப் போனும் செய்திருக்கிறாள்.

“சார், 14-வது பெட் பேஷண்டுக்கு ஒரு மாதிரி இருக்கு.”

“பிபி பார்த்துட்டுச் சொல்லுங்க.”

“சரி சார்.”

பிபி பார்த்தாள். குறைவாக இருந்தது. திரும்பக் கூப்பிட்டால் திட்டுவாரோ என்று தயங்கி, இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நின்றதில் ஐம்பது நிமிடம் போய்விட்டது. டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ‘ஒரு மாதிரி’ என்பதை வைத்து மூன்று மாடி தள்ளி இருப்பவர் எதைப் புரிந்துகொள்வார்? ஆனால் எப்படிச் சொல்வதென்று நாங்கள் அவளுக்குக் கற்றுக்கொடுத்தோமா? ஊசி போடக் கற்றுக்கொடுத்தோம், டிரெஸ்ஸிங் கற்றுக்கொடுத்தோம்.

ஜூலை 4, வியாழன்

மதியம் வார்டு ஓய்ந்த நேரத்தில் அவளை உட்காரவைத்து, நோயாளியின் நிலையை டாக்டரிடம் வரிசையாகச் சொல்லும் எஸ்பார் (SBAR) முறையைச் சொன்னேன். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த வழக்கம் இது. 2000-களின் தொடக்கத்தில் கைசர் பெர்மனன்டே மருத்துவக் குழுமம் இதை நோயாளிகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டது. இப்போது என்ன பிரச்சினை, இதற்கு முன் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். நாலே விஷயம், இதே வரிசையில்.

14-வது பெட்டின் அந்த ராத்திரிக் கேஸ் ஷீட்டை அவளிடமே கொடுத்து, நான் டாக்டராக இருந்து போனை எடுத்தேன். நாலாவது தடவை இப்படிச் சொன்னாள்:

“சார், சர்ஜிக்கல் வார்டு நைட் சிஸ்டர் பேசுறேன். 14-வது பெட்ல பல்ஸ் 122, பிபி 90/60. குடல் ஆபரேஷன் ஆகி ரெண்டாம் நாள். சாயங்காலம் பல்ஸ் 84, பிபி 120/80. நாலு மணி நேரத்துல யூரின் 40 மில்லிதான். உள்ளே ரத்தம் கசியுதோன்னு பயமா இருக்கு. இப்பவே வந்து பாருங்க சார்.”

அரை நிமிடம்கூட ஆகவில்லை. ‘பயமா இருக்கு’ என்பதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் நிற்பவளின் பயமும் ஒரு தகவல்தான்.

ஜூலை 5, வெள்ளி

‘சரி’ என்ற சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். காதில் விழுந்தது, புரிந்தது, செய்கிறேன், பேச்சை முடிங்க, எல்லாவற்றுக்கும் நமக்கு அது ஒன்றுதான்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரிஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டத்தில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். அவற்றில் ஒன்றான கேஎல்எம் விமானத்தின் விமானி புறப்படுவதாகச் சொன்னதற்குக் கட்டுப்பாட்டாளர் ‘ஓகே’ என்று தொடங்கி, காத்திருங்கள் என்றார். அதே நொடியில் மற்றொன்றான பான்ஆம் விமானமும் ரேடியோவில் பேச, கேஎல்எம் விமானி அறையில் தெளிவாக விழுந்தது அந்த ‘ஓகே’ மட்டும். பின் இருக்கையிலிருந்த பொறியாளர், அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். கேப்டன் விலகிவிட்டதென்று உறுதியாகச் சொல்லிவிட்டார். பொறியாளர் மறுபடி கேட்கவில்லை.

அந்த மனிதரையும் எங்கள் பெண்ணையும் மனதில் தனித்தனியாக வைக்க முடியவில்லை.

ஜூலை 9, செவ்வாய்

போனில் வரும் ஆர்டரை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, டாக்டர் ஆமாம் என்ற பிறகே மருந்தைத் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இன்று மூத்த சிஸ்டர் ஒருவர், “இன்சுலின் ஃபைவ் ஜீரோ யூனிட், சரியா சார்?” என்று படித்திருக்கிறார். மறுமுனையில் பதறிப்போய், “ஒன் ஃபைவ்ம்மா, ஒன் ஃபைவ்!” ஃபிஃப்டீன் ஃபிஃப்டியாகக் காதில் விழுந்திருக்கிறது. ஆர்டரை ஆங்கிலத்தில் கேட்டுத் தமிழில் யோசிக்கும் எல்லா வார்டுக்கும் இந்த ஆபத்து உண்டு.

இன்சுலின் அளவை எழுதும்போது ‘யூனிட்’ என்பதற்கு ‘U’ என்று ஒற்றை ஆங்கில எழுத்துப் போடுவதையும் நிறுத்தச் சொன்னேன். அவசரக் கையெழுத்தில் அது பூஜ்யம் மாதிரித் தெரியும். பத்து நூறாகிவிடும்.

ஜூலை 14, ஞாயிறு

ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரை நர்ஸிங் ஸ்டேஷனிலிருந்து பெட் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறோம். கூடுதலாகப் பதினைந்து நிமிடம் ஆகிறது, முணுமுணுப்பும் இருக்கிறது.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா அந்தப் பெண்ணிடம் போய், “6-ம் பெட் தாத்தா நான் போறப்ப வர்றப்பல்லாம் பேச்சுக் கொடுப்பாரும்மா. இன்னிக்கு வாயே திறக்கல, நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு” என்றார். இவள், “பேசல, வேர்த்திருக்கு, அப்படித்தானேம்மா?” என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள். சுகர் 48-க்கு இறங்கியிருந்தது. டாக்டருக்கு அரை நிமிடப் போன், டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல் ஏறியது. சற்று நேரத்தில் தாத்தா காபி கேட்டார்.

ஹேண்ட் ஓவர் நோட்டில் ‘மாலை 5.40, சோர்வு கவனிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்தாள். யார் கவனித்தது என்று கேட்டேன். பேனாவை எடுத்து, பக்கத்திலேயே சேர்த்தாள்: ‘ஆயாம்மா சொன்னார்.’