கிளினிக்கில் நோயாளியின் விஷயம் வெளியே போனால்: முறைப்பாடு எழுதும் விதம்

கூட வேலை செய்பவர் நோயாளி ஒருவரின் ரிப்போர்ட்டைப் படமெடுத்து வட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அல்லது தேத்தண்ணி நேரத்தில் "இண்டைக்கு வந்தவவுக்கு என்ன வருத்தம் தெரியுமே" என்று தொடங்குகிறார். இதை முறையிடப் போகிறவர்களில் பலர் முதல் கடிதத்திலேயே சறுக்குகிறார்கள். நோயாளியின் பெயரையும் வருத்தத்தையும் விபரமாக எழுதிவிடுகிறார்கள். அந்தக் கடிதம் நாலு மேசை தாண்டும்போது, ஐந்து பேருக்குத் தெரிந்த விஷயம் இருபது பேருக்குத் தெரிந்துவிடும்.

நோயாளியின் கிளினிக் இலக்கம் மட்டும் போதும். பெயரை விட்டால் சரி என்றும் நினைக்க வேண்டாம். "உப்புவெளியில் இருந்து வரும் கணித ரீச்சர்" என்றால் திருகோணமலையில் பாதிப்பேருக்கு ஆள் விளங்கிவிடும். ஊர், தொழில், வயது மூன்றையும் சேர்த்து எழுதாதீர்கள். வருத்தத்தின் பெயருக்குப் பதிலாக "இரத்தப் பரிசோதனை முடிவு" என்று எழுதினால் விசாரிப்பவருக்குப் போதும்.

குறிப்பை அன்றைக்கே எழுதுங்கள்: திகதி, நேரம், இடம், யார் யார் நின்றார்கள், சொன்ன வார்த்தைகள் அப்படியே. கேள்விப்பட்டதை வேறாக, "கேள்விப்பட்டேன்" என்றே எழுதுங்கள். வட்ஸ்அப்பில் வந்ததென்றால் தாமதிக்கக் கூடாது. அனுப்பியவர் இரண்டு நாள் தாண்டியும் எல்லோருடைய போனிலிருந்தும் அதை அழிக்கலாம். அனுப்பியவர் பெயரும் நேரமும் தெரிய ஒரேயொரு ஸ்கிரீன்ஷொட் போதும். நோயாளியின் விபரத்தை முழுக் கறுப்பால் மறையுங்கள். ஹைலைட்டரால் பூசினால் வெளிச்சத்தைக் கூட்டியதும் எழுத்துத் தெரியும். படம் கேலரிக்கும், அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்கும் தானாகப் போயிருக்கலாம், அதையும் பாருங்கள். அந்தப் படத்தை வேறு யாருக்கும் அனுப்பினால் அடுத்த குற்றவாளி நீங்கள்தான்.

கடிதத்தைக் கையால் எழுதுவதுதான் எங்கள் சிபாரிசு. கொமினிகேஷனில் டைப் பண்ணக் கொடுத்தால் அந்தக் கொம்பியூட்டரில் கோப்பு கிடக்கும், பிரின்ட் எடுக்க அவர்களுடைய வட்ஸ்அப்புக்கு அனுப்பினால் அங்கேயும் கிடக்கும். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம்.

யாருக்கு எழுதுவது? தனியார் கிளினிக் என்றால் முதலில் உரிமையாளர் அல்லது முகாமையாளர்; அசையாவிட்டால் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அவற்றைப் பதிவு செய்யும், கொழும்பிலுள்ள தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் பேரவை. அரச வைத்தியசாலை என்றால் நிறுவனத் தலைவர், பிறகு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர். வெளியிட்டவர் டொக்டர் என்றால் இலங்கை மருத்துவ சபைக்கும் எழுதலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகைத் தரவாக வைத்திருக்கிறது. கடிதத்தில் ஒரு வரி குறிப்பிட்டால் வாசிப்பவர் நிமிர்ந்து இருப்பார். மொட்டைக் கடிதம் மட்டும் வேண்டாம், விசாரிக்க ஆளில்லை என்று ஒதுக்கிவிட வசதியாகப் போய்விடும்.

கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்குங்கள். தபால் என்றால் பதிவுத்தபால், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

எல்லாமே மீறல் இல்லை. டெங்கு என்று சந்தேகித்ததும் தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போகத்தான் வேண்டும்; அதற்குப் பிறகு பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்ததால் அயலவர் அறிந்தார்கள் என்பது முறைப்பாடு ஆகாது. ஒரு டொக்டர் இன்னொரு டொக்டரிடம் சிகிச்சைக்காகக் கேட்பதும் அப்படித்தான்.

ஆரம்ப விசாரணையில் வாக்குமூலத்தை வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். சிங்களத்தில் எழுதியிருந்தால் மொழிபெயர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். "இரண்டு பேர்" என்று நீங்கள் சொன்னது "சிலர்" என்று பதிவாகியிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். முறைப்பாடு கொடுத்த நாளிலிருந்து உங்கள் கடமைப் பட்டியலின் பிரதிகளையும் வையுங்கள். திடீரென்று இரவு வேலை கூடினால் காட்ட அதுதான் இருக்கும்.

நோயாளிக்கு நாமே போன் பண்ணிச் சொல்லலாமா என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. கிளினிக்தான் சொல்ல வேண்டும் என்று கடிதத்தில் கேளுங்கள். அவருடைய போனை வீட்டில் யார் எடுப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.